ஓடைக்கு எதிரே

– அதுக்கு என்ற நகப்பூச்சுத்தான் கெடச்சுதாக்கும்?

– ஊட்டுல வேற செவப்பு எதுவும் இல்ல தேவி. கேட்டுக்க. இதா பாரு, சைக்கிள் சீட்டுக்கம்பியில கோடு போட்டிருக்கறேன். இந்தக் கோடு சரியா இந்த வளையத்து வாயில நிக்கோணும். மேலயும் போகப்படாது, கீழயும் போகப்படாது.

– நூல்கண்டு வாங்கறதுக்கு ஒருநா எறக்குனேன். அதுக்கு இத்தன பஞ்சாயத்தா?

– ஒருநாளா? மாவு மில்லுக்கு ஒருக்கா, உன்ற அக்கா ஊட்டுக்கு ஒருக்கா. ஞாயித்துக்கெழமையானா காத்தால இருட்டுல ஸ்பேனரத் தேடிக்கிட்டு நிக்கறவன் நானில்ல? சீட்டு ஒரு வெரக்கட எறங்குனாலும் பாதி மலையில முட்டி கழண்டுரும். கூட ஏறற அந்த வேடியப்பன் சிரிப்பான்.

– உங்களுக்கு பனமரமாட்டம் காலு. எனக்குப் பெடலு எட்ட வேண்டாமா?

– எறக்கிக்க. திருப்பி ஏத்தி வெச்சுரு. அவ்வளவுதான் கேக்கறேன்.

– ஒண்ணும் வேண்டாம் சாமி. இனிமே உங்க சீட்டத் தொட்டா என்னன்னு கேளுங்க.

– அட, கோவத்தப் பாரு. அந்தப் பையக் குடு. உள்ள புஸ்தகம் இருக்குது, மெதுவா. அது இனி கடையில கெடைக்காது.

– இன்னுமா அந்த «ஓடைக்கு எதிரே» முடியல? மூணு வாரமா அதத்தான் தூக்கிட்டுப் போறீங்க.

– இன்னிக்கு முடிஞ்சுரும். கொட்டச்சேட்டுக்கு மேல ஒரு வளைவு இருக்குதில்ல, அங்க போறப்ப ஒரு எடத்துல நிறுத்தப் போறேன் பாரு, அவன் கேக்காம இருக்கவே முடியாது.

– எனக்கு இந்த வெளையாட்டு வெளங்கவே மாட்டேங்குது. ரெண்டு தலை நரைச்ச ஆளுங்க. மூச்சு வாங்க மலையேறறது. அதுல ஒருத்தரு கத சொல்றதாம், ஒருத்தரு கேக்கறதாம்.

– கத இல்ல தேவி. மண்ணப் பத்தின புஸ்தகம், ஊரப் பத்தின புஸ்தகம். அதுதான் எங்க சங்கத்துல செல்லும்.

– ரெண்டு பேரு சங்கம்.

– ரெண்டு பேருன்னாலும் சட்டம் சட்டந்தான். கேட்டுக்க. சொல்றவன் பின்னால வரோணும், கேக்கறவன் முன்னால போகோணும். கேக்கறவன் திரும்பிப் பாக்கப்படாது. சொல்றவன் கால ஊனப்படாது. ஊனிட்டா அந்தப் புஸ்தகம் அதோட மூடிருச்சு, அப்புறம் யாரும் அத மலையில சொல்லப்படாது.

– அந்த பஜ்ஜி எதுக்கு?

– அதுதான் ருசியே. சொல்றவன் நல்ல எடமாப் பாத்து வாய மூடிக்குவான். முன்னால போறவன் தாங்க முடியாம ‘அப்புறம்?’னு கேட்டுட்டா தோத்தான். ஏரிக்கரையில மொளகா பஜ்ஜி அவன் வாங்கிக் குடுக்கோணும். மூணு வாரமா வாயக் கட்டிக்கிட்டு வர்றான் படுபாவி. அவன் சொன்ன உப்பளத்துப் புஸ்தகத்துக்கு நான் ரெண்டு எடத்துல தோத்தேன்.

– மலையில பொறந்த ஆளு உப்பளத்தப் பத்திப் படிக்கறாரு. சேலத்துல பொறந்த நீங்க ஓடை, பாறைன்னு படிக்கறீங்க.

– இருக்கற எடத்தப் படிக்க எதுக்குப் புஸ்தகம்? கண்ணு பத்தாதா?

– சரி, எங்க நிறுத்தப் போறீங்க? எங்கிட்டச் சொல்லுங்க.

– சைக்கிள்ல மலைக்கு வா. சொல்றேன்.

– ஆமாமா. தையல் மிஷின மிதிக்கறதே எனக்குப் போதும். இன்னிக்கு ஜெயிச்சா எனக்கும் ரெண்டு பஜ்ஜி கட்டிட்டு வாங்க.

– ஆறிப் போயிருமே.

– ஆறுனாலும் திங்கறேன். போங்க, பொழுது விடிஞ்சா வெயிலேறிரும்.

\*

– ஏனுங்க அண்ணி, பால் வண்டிக்காரரு உங்கள எறக்கி உட்டு நொம்ப நேரமாச்சுங்களா?

– இப்பத்தான் வேடியப்பன் தம்பி. அங்கயே நில்லுங்க, கிட்ட வராதீங்க.

– ஏனுங்க?

– சட்டம். கேக்கறவரு முன்னால, சொல்றவ பின்னால.

– இந்தப் பனியில முன்னால எது, பின்னால எதுன்னே தெரியலீங்க. உங்க குரல வெச்சுத்தான் நிக்கறேன். சைக்கிளாவது நான் புடிச்சுக் குடுக்கறனுங்க.

– வேண்டாம் தம்பி. மதகுக் கல்லு மேல நின்னு ஏறிக்குவேன். போன மாசம் கீழ இருந்து தனியா ஏறிப் பாத்தேன். கொட்டச்சேட்டுல கால ஊனிட்டேன். அதுக்கு முந்தி ஏறுனதுலயும் அப்புடித்தான். அதனாலதான் இன்னிக்கு அவுரு நின்ன வளைவுல இருந்தே தொடங்கறேன்.

– எதுக்குங்க இவ்வளவு பாடு? வருசம் திரும்பிப் போச்சு. புஸ்தகத்தக் குடுங்கன்னு எத்தன தடவ உங்க ஊட்டுக்கு வந்தேன். குடுத்திருந்தா ஒரு பொழுதுல படிச்சிருப்பேன்.

– அதுக்குத்தான் குடுக்கல. கட்டில்ல படுத்துக்கிட்டுப் படிச்சு முடிக்கறதுக்கா அவுரு மூணு வாரம் மூச்சு வாங்கச் சொன்னாரு? மலையில தொடங்குனது மலையிலதான் முடியோணும். நீங்க போட்ட சட்டந்தான?

– சட்டப்படி பாத்தா அந்தப் புஸ்தகம் அன்னிக்கே மூடிருச்சுங்க.

– எப்புடி? சொல்றவரு கால ஊனுனாத்தான மூடும்? ‘விழுந்து கெடந்தப்பக்கூட காலு பெடல்லயேதான் இருந்துது அண்ணி’ன்னு அழுதுக்கிட்டே நீங்கதான சொன்னீங்க. அவுரு ஊனல.

– அண்ணி...

– அப்ப புஸ்தகம் இன்னும் தொறந்துதான் கெடக்குது. நான் இன்னிக்கு ஊனிட்டா மூடிரும். அப்புறம் நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அதனால ஊன மாட்டேன்.

– எனக்கு அந்தக் கதயே வேண்டாமுங்க. அவுரு சத்தம் நின்னப்ப கதயத்தான் நிறுத்தறாருன்னு நெனச்சேன். கேட்டாத் தோத்துருவேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இந்த வளைவு முழுக்க மிதிச்சுட்டுப் போனேன். திரும்பிப் பாத்திருந்தா...

– பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. டாக்டரு உங்களையும் வெச்சுக்கிட்டுத்தான சொன்னாரு? கீழ விழறதுக்கு முந்தியே நெஞ்சு நின்னு போச்சு. ஒண்ணு சொல்லட்டுமா தம்பி? அவுரு வாய மூடுனதும் நீங்க கேக்கப் போறீங்க, கேக்கப் போறீங்கன்னு சிரிச்சுக்கிட்டே வந்திருப்பாரு. அவுரு ஜெயிக்கற நேரத்துல போனாரு. எனக்கு அது போதும்.

– ரைட்டுங்க அண்ணி. ஆனா ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு மட்டும் நான் திரும்பிப் பாத்துக்கறேன்.

– கூடாது.

– ஏனுங்க இப்புடி!

– மணி அடிக்கறேன். மணி கேட்டா நான் இருக்கறேன்னு அர்த்தம். போதுமா? இப்பச் சொல்லுங்க, அவுரு கடைசியா என்ன சொன்னாரு?

– அது மறக்குமாங்க? பஸ்ஸுல டிக்கெட்டுக் கிழிக்கறப்பக்கூட அதேதான் காதுல கேட்டுக்கிட்டிருக்குது. ‘அத்தன ஊரு தாண்டி, ஓடைக்கு எதிரே நடந்து நடந்து வந்த மனுசன், ஒரு பெரிய பாறைகிட்ட வந்து நின்னான். ஓடை அங்க காணாமப் போச்சு. அவன் பாறை மேல காத வெச்சான். உள்ள இருந்து...’ அவ்வளவுதாங்க.

– நல்ல எடமாத்தான் நிறுத்தியிருக்கறாரு.

– கண்டக்டரா நான் கேக்கறேன். போலாமுங்களா?

– போலாம் ரைட்.

\*

– ஏறிட்டீங்களா?

– மணி கேக்கல?

– கேட்டுதுங்க. அட சாமி, மெதுவா. கியர இப்பவே எறக்கி வெச்சுக்குங்க.

– ‘உள்ள இருந்து ஒரு சத்தம். தண்ணி ஓடற சத்தம் இல்ல. யாரோ அரிசி களையற சத்தம்.’

– பாறைக்குள்ளயா?

– நடுவுல பேசப்படாது. ‘அவன் அன்னிக்கு ராத்திரி பாறை மேலயே படுத்துக்கிட்டான். காத்தால பாத்தா, மொளகுக் கூடை தூக்கிட்டு ஒரு பொம்பள நிக்கறா. பேரு மருதாயி. எதுக்கய்யா கல்லுக்குக் காது குடுக்கறேன்னு கேட்டா. தண்ணியத் தேடறேன்னான். தண்ணி என்ற ஊட்டுல இருக்குது, கல்லுல என்னத்தத் தேடறேன்னா.’

– நல்லாக் கேட்டாளுங்க! எங்க மாரமங்கலத்துப் பொம்பளையாட்டமே பேசறா.

– சிரிக்க... வெக்காதீங்க தம்பி. மூச்சு.

– ஏனுங்க அண்ணி, நீங்க நின்னுக்கிட்டு மிதிக்கறீங்களாட்டம் இருக்குது. சங்கிலி அப்புடி இழுக்குது. உக்காந்து மிதிங்க. நின்னு மிதிச்சாத் தொடை புடிச்சுக்கும்.

– ஆமாமா.

– ஆமாங்கறீங்க, சங்கிலிச் சத்தம் மாறலியே.

– நீங்க... சங்கிலியக் கேக்கறீங்களா, கதயக் கேக்கறீங்களா?

– ரைட்டுங்க, ரைட்டுங்க.

– ‘பாறையச் சுத்திக்கிட்டு... மேல ஏறி... அவ பின்னாலயே போனான். எஸ்டேட்டு ஆளுங்களுக்கு... வரிசையா லைன் ஊடு. அதுல... கடைசி ஊடு.’

– பின்னால பஸ் வருதுங்க. ஹாரனக் கேட்டா நம்ம காளியண்ணன் டிரைவரு. ஓரத்துக்குப் போயிராதீங்க, சல்லி கெடக்குது, சறுக்கிரும். அவரே நின்னு வருவாரு.

– ஜன்னல்ல... எல்லாரும் கத்தறாங்க.

– கை தட்டறாங்க அண்ணி! ஏ, யாருப்பா அது, தட்டு, இன்னும் தட்டு! இதா எங்க அண்ணி, கால ஊனாம வர்றாங்க! காளியண்ணா, மெதுவாப் போங்க, பொகையக் கக்காதீங்க!

– போயிருச்சா?

– போயிருச்சுங்க. பனியும் வெலகுது. இப்ப மேடுங்க அண்ணி. இந்த மலையிலயே இதுதான் பொல்லாத மேடு. மேட்டுக் கடைசியில நிக்கற சில்வர் ஓக்கு மரத்தையே பாத்துக்கிட்டு மிதிங்க. ரோட்டப் பாக்காதீங்க.

– ‘கடைசி ஊட்டுல... அடுப்படி. அம்மிக்குப் பக்கத்துல... ஒரு பலகை. மருதாயி அந்தப் பலகையத் தூக்குனா. அதுக்குக் கீழ...’

– ம்.

– ...

– சரிங்க. நிறுத்தறீங்க. நான் கேக்க மாட்டேன்.

– ...

– மணி அடிங்க அண்ணி. நான் கேள்வி கேக்கல. மணி மட்டும் அடிங்க.

– ...

– அண்ணி?

– ...

– ஏனுங்க அண்ணி! அப்புறம்? அப்புறம் என்னாச்சுங்க? கேக்கறேன், கேக்கறேனுங்க, கேட்டுட்டேன்! பலகைக்குக் கீழ என்ன? அப்புறம்? அப்புறம்?

– கேட்டுட்டீங்களா? பஜ்ஜி... உங்க கணக்கு.

– அட சாமீ! உசுரே போயிட்டு வந்துது. மணி ஏனுங்க அடிக்கல?

– கைய எடுத்தா... விழுந்திருப்பேன். திரும்பிட்டீங்களா?

– கழுத்து பாதி திரும்பிருச்சுங்க. கண்ண மூடிக்கிட்டேன்.

– ரோட்டுல கண்ண மூடுவாங்களா? கண்டக்டரு வேலைக்கு... எவரு எடுத்தாங்க உங்கள?

– பேசுங்க அண்ணி, இப்புடியே திட்டுங்க. நீங்களா நிறுத்துனீங்களா, இல்ல மூச்சு நின்னுதுங்களா?

– ரெண்டும். ஒவ்வொரு தடவையும்... ஊனிட்டேன்னு நெனைக்கறேன். பாத்தா இன்னும் ஊனல.

– மேடு முடிஞ்சுதுங்க! தாண்டிட்டீங்க. அண்ணனே இந்த மேட்டுல வாயத் தொறக்க மாட்டாரு. அன்னிக்குக்கூட இத ஏறறதுக்கு முந்தியே கதய நிறுத்திக்கலாம்னுதான் பாத்திருப்பாரு.

– அப்புடியா சங்கதி? ருசிக்குத்தான் நிறுத்தறேன்னு எங்கிட்டப் பெருமையடிச்சாரே!

– அவுரு சொல்ற ருசியில பாதி மூச்சு வாங்கறதுதாங்க.

– நல்லா மாட்டுனாரு. சரி, கேளுங்க. ‘பலகைக்குக் கீழ ஒரு குழி. ரெண்டு கை அகலம். அதுல தண்ணி பொங்கிப் பொங்கி வருது. அவ அரிசி களையறதும் அதுல, கொழம்புக்கு மொள்ளறதும் அதுல. அத்தன தூரம் ஓடற ஓடை ஒரு அடுப்படிக்குள்ள பொறக்குது.’

– அடேங்கப்பா.

– ‘இத்தன நாளு இதத்தான் தேடி வந்தேன் ஆத்தான்னு அவன் அங்கயே மண்டி போட்டுட்டான். மருதாயி அவனப் பாத்து ஒண்ணு கேட்டா.’

– அப்புறம்?

– ரெண்டாவது பஜ்ஜி.

– எத்தன ஆனாலும் ஆகட்டும். என்ன கேட்டா?

– ‘இந்தத் தண்ணி எங்க வரைக்குமய்யா போகுதுன்னு கேட்டா. அவளுக்குத் தெரியாது. தண்ணி பாறைக்குள்ள போறது தெரியும், அதுக்கப்புறம் தெரியாது. மலைய உட்டு அவ எறங்குனதே இல்ல. யாரும் அவகிட்ட வந்து சொன்னதும் இல்ல.’

– ஆத்தாடி.

– ‘அப்ப அவன் எந்திரிச்சு நின்னுக்கிட்டு, வந்த வழியத் திருப்பி, மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு ஊராச் சொன்னான்.’

– எல்லா ஊரையுமா? அண்ணன் மூணு வாரமாச் சொன்னாரே, அந்த ஊரு எல்லாத்தையுமா?

– எல்லாத்தையும். ஞாபகம் இருக்குதா தம்பி?

– எது மறந்தாலும் அது மறக்காதுங்க. ஊருக்கு ஒரு வளைவுல சொன்னாரு. கல்லூத்துப்பட்டி! கெணத்துல தேனீ கட்டியிருந்த ஊரு.

– நாவக்கொல்லை!

– நாவக்கொல்லை, நாக்கு நீலமாத் திரியற புள்ளைங்க! அதுக்குக் கீழ சந்தை கூடற மஞ்சப்புதூர்!

– ஆத்துமேடு!

– வண்ணாங்காடு! அண்ணி, கேட்டுக்குங்க, அதா முன்னால தெரியுது, ஏரிக்கரை ஊரு தெரியுது! ஊட்டுக்கூரையெல்லாம் தெரியுது!

– புங்கமரத்தூர்! அங்க ஒருத்தரு அவனுக்குச் செருப்புத் தெச்சுக் குடுத்தாரு!

– காசு வேண்டாம், ஓடை எங்கிருந்து வருதுன்னு திரும்பறப்பச் சொல்லீட்டுப் போன்னாரு! சின்னேரிப்பட்டி!

– கடைமடைப்புதூர்! கடைசி வயலு!

– கடைசி வயலு! ரைட்டு, ரைட்டு, ரைட்டு! ஏரி வந்துருச்சுங்க அண்ணி! ஊனாதீங்க, இன்னும் ஊனாதீங்க, புஸ்தகம் முடியட்டும்!

– ‘மருதாயி எல்லாத்தையும் கேட்டா. ஒரு சொம்பு மொண்டா. குடிக்கக் குடுக்கறாளாக்கும்னு அவன் கைய நீட்டுனான். அவ குடுக்கல. அந்தச் சொம்பத் திருப்பி அந்தக் குழியிலயே ஊத்துனா. இது கடைமடைப்புதூருக்குன்னா.’ முடிஞ்சுது தம்பி. அவ்வளவுதான் புஸ்தகம்.

– ...

– தம்பி?

– இருக்கறனுங்க. ஒண்ணுமில்ல. நீங்க இப்ப ஊனிக்கலாம்.

\*

– திரும்பலாங்களா அண்ணி?

– திரும்புங்க. ஏன் அப்புடிப் பாக்கறீங்க? வேர்வைதான். இந்தா, புஸ்தகம் இனி உங்களுது. ஆசை தீரக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் படிங்க.

– அண்ணி, உங்க காலு ரெண்டும் இப்புடி நடுங்குது! மொதல்ல அந்தப் பெஞ்சியில உக்காருங்க.

– உக்காரட்டா? தெய்வமே. உக்காரறதுன்னா இப்புடியா இருக்கும்.

– ஏனுங்க வீராயிக்கா, பஜ்ஜி போடுங்க. கேட்ட கேள்விக்கு எல்லாம் போடுங்க. நான் எத்தன தடவ கேட்டேனோ எனக்கே தெரியல.

– சூடாப் போடச் சொல்லுங்க. ஆறுன பஜ்ஜியத் தின்னு தின்னு சலிச்சுப் போச்சு எனக்கு.

– அடுத்த ஞாயிறு என்ற முறைங்க. உப்பளத்தப் பத்தி ரெண்டாவது புஸ்தகம் ஒண்ணு வெச்சிருக்கறேன்.

– யாரு சொன்னா? அடுத்த ஞாயிறும் நாந்தான். ஏரி வத்திப் போன ஊரப் பத்தி ஒண்ணு படிச்சிருக்கறேன். அவுருக்கே தெரியாது. தலகாணிக்குக் கீழ வெச்சுப் படிச்சது. உப்பளம் அதுக்கு அடுத்த வாரம்.

– சங்கத்துக்கு வந்த மொத நாளே அதிகாரமா!

– சட்டம் தெரிஞ்சவகிட்ட வம்பு வேண்டாம் தம்பி.

– ரைட்டுங்க. நீங்க தின்னுங்க, சைக்கிள் நடு ரோட்டுல நிக்குது, நான் கொண்டாந்து சாத்தறேன். ஏனுங்க அண்ணி...

– என்ன?

– சீட்டு இத்தன ஒசரத்துல இருக்குது?

– ஆமாமா.

– இதுல நீங்க உக்காந்தாப் பெடலுக்குக் காலு எட்டவே எட்டாதே.

– எட்டாது.

– அப்ப அந்த வளைவுல இருந்து இந்த ஏரி வரைக்கும்... அண்ணி, கேட்டாத் தோத்துருவேன்னாலும் பரவால்ல, கேக்கறேன். வழியில ஒருக்காக்கூட உக்காரலீங்களா?

– சீட்டத் தொட மாட்டேன்னு ஒருநா வாய் தவறிச் சொல்லீட்டேன். கம்பியப் பாருங்க தம்பி. என்ற நகப்பூச்சுக் கோடு, அவுரு நிறுத்துன எடத்துலயேதான் நிக்குது.